கல்லூரியில் ஓர் ஆற்றுப்படை

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை என்பதைத் தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். வறுமையால் வாடி வரும் பாணனையோ கூத்தனையோ, ஏற்கெனவே ஒரு வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் மற்றொருவன் வழியில் கண்டு, எந்த வழியே போக வேண்டும், எங்கே தங்க வேண்டும், யாரைப் பார்த்தால் பசி தீரும் என்றெல்லாம் எடுத்துச் சொல்வதே அதன் முறை. அந்த ஐந்தில் ஒன்றான திருமுருகாற்றுப்படையைப் பாடிய நக்கீரர், மதுரைக் கணக்காயனாரின் மகனார். நம் ஊர்க்காரர்!

தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோகும் இந்தச் சொல், இன்று ஒரு புதிய தொழிலுக்குப் பெயராகியிருக்கிறது. கவுன்சலிங் என்று நாம் சொல்வதை ஆற்றுப்படுத்துதல் என்றும், அதைச் செய்பவரை ஆற்றுப்படுத்துநர் என்றும் தமிழில் வழங்குகின்றனர். ஈழத் தமிழர் உளவளத்துணை என்பர். அரசு அறிவிப்புகளில் மனநல ஆலோசகர் என்று காண்கிறோம். மற்றவற்றைவிட ஆற்றுப்படுத்துதல் என்பதே எங்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆறு என்றால் வழி. ஆற்றுதல் என்றால் கொதிப்பைத் தணித்தல். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே சொல் சொல்லிவிடுகிறதல்லவா?

ஆனால் நம் வீடுகளில் போய் "கவுன்சலிங்" என்று சொன்னால், பொறியியல் கல்லூரியில் இடம் ஒதுக்கும் கலந்தாய்வு என்றே பெரும்பாலோர் எண்ணுவர். "எந்தக் காலேஜ் கிடைத்தது?" என்று கேட்கும் மாமாவிடம், இது வேறு கவுன்சலிங் என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். விளக்கிய பின்னரோ அவர் முகம் மாறும். "நம்ம பிள்ளைக்கு என்ன, பைத்தியமா?" என்பதே அடுத்த கேள்வி. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் எத்தனையோ மாணவியர் ஆலோசகரின் அறை வாசல் வரை போய்த் திரும்பிவிடுகின்றனர். வரும் ஆனி மாதத்தில் நம்முள் பலர் கல்லூரி மாணவியராகவும், அவர்களுள் பாதிப்பேர் விடுதி மாணவியராகவும் ஆகப் போகிறோம். ஆகவே அந்த அறைக்குள் யார் இருக்கிறார், என்ன செய்கிறார் என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

யார் யார் அவர்கள்?

மனநலத்துறையில் பணியாற்றுவோர் அனைவரும் ஒருவரே என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அது தவறு. மனநல மருத்துவர் என்பவர் முதலில் எம்.பி.பி.எஸ். படித்து, அதன் பின் மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த டாக்டர். மாத்திரை எழுதித் தருபவர் இவரே. மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலை முடித்தபின் எம்.ஃபில். போன்ற தனிப் பயிற்சியும் பெற்று, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பெயரைப் பதிவு செய்தவர். அவர் மாத்திரை தரமாட்டார். மனத்தின் இயல்பைச் சோதனைகளால் அளந்தறிந்து, பேச்சின் மூலமும் பயிற்சிகள் மூலமும் சிகிச்சை அளிப்பார். மனநலச் சமூகப் பணியாளர் சமூகப்பணியில் முதுகலை படித்தவர். நோயுற்றவரை மட்டும் பாராமல் அவருடைய குடும்பம், வருமானம், அக்கம்பக்கம் எல்லாவற்றையும் பார்ப்பவர். மதுரையிலேயே சமூகப்பணி கற்பிக்கும் கல்லூரிகள் இருக்கின்றன.

கல்லூரியில் நாம் முதலில் சந்திப்பவர் பெரும்பாலும் ஆலோசக உளவியலாளர், அதாவது நாம் மேலே சொன்ன ஆற்றுப்படுத்துநர். தேர்வுப் பயம், வீட்டு நினைவு, நட்பில் பிளவு, தூக்கமின்மை, துக்கம் ஆகியவை அவர் பார்ப்பவை. நோய் என்று பெயர் வைக்க வேண்டாத, ஆனால் தனியே தூக்கிச் சுமக்கவும் முடியாத பாரங்கள் இவை. ஆலோசகர்கள் பலரையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவரும் தேசிய ஆணையச் சட்டம் 2021இல்தான் இயற்றப்பட்டது. இத்தொழிலுக்கு நம் நாட்டில் வயது குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியதே 1943இல். பேராசிரியர் ஜி. டி. போவாஸ் அதன் தலைவராக விளங்கினார். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1910ஆம் ஆண்டிலேயே மாணவர்களின் மனநலனைக் கவனிக்க ஏற்பாடு செய்துவிட்டது.

வழிகாட்டி ஆசிரியர் போதாதா?

இந்தக் கேள்வியைப் பெற்றோர் பலர் கேட்கின்றனர், நியாயமான கேள்வியே. இப்போது எல்லாக் கல்லூரிகளிலும் சில மாணவியருக்கு ஓர் ஆசிரியை என்று 'மென்ட்டர்' வைத்திருக்கின்றனர். கல்லூரிகளைத் தரம் பார்க்க 1994இல் ஏற்பட்ட தேசிய அவை அந்த விகிதத்தைக் கேட்டு எழுதிக்கொள்கிறது. அன்புள்ள பேராசிரியை ஒருவர் நம்மைக் கூப்பிட்டு "ஏம்மா, முகம் வாடியிருக்கிறது, சாப்பிட்டாயா?" என்று கேட்பதற்கு ஈடு வேறில்லை. பல பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும்.

ஆயினும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் பேராசிரியையே நமக்கு அக மதிப்பெண் போடுகிறார். வருகைப் பதிவேடும் அவர் கையில்தான். அவருடைய பாடத்தில்தான் நமக்குப் பயம் என்றால் யாரிடம் சொல்வது? நாம் சொன்னதை அவர் துறைத்தலைவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லி, அவர் நம் தந்தைக்குத் தொலைபேசியில் கூறி, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும்போது அத்தை வரை எல்லாருக்கும் செய்தி தெரிந்திருந்தால் எப்படி இருக்கும்? இதனால்தான் ஆலோசகருக்கு மதிப்பெண் போடும் அதிகாரம் இருத்தலாகாது என்று அத்தொழிலார் வற்புறுத்துகின்றனர். தாமே பாடமும் நடத்தித் தாமே ஆலோசகராகவும் இருப்பது இரட்டை உறவு. அதைத் தவிர்ப்பது அவர்களுடைய ஒழுக்க விதிகளுள் ஒன்று. செலவு மிச்சம் என்று உளவியல் கற்பிக்கும் ஆசிரியையின் தலையிலேயே இந்தப் பொறுப்பையும் கட்டிவிடும் நிருவாகங்கள் இதைச் சிந்திக்க வேண்டும். அலுவலகத்தையும் முதல்வர் அறையையும் ஒட்டியே ஆலோசனை அறையை வைப்பதும் அப்படித்தான். யார் உள்ளே போகிறார் என்று கட்டணம் செலுத்த வரிசையில் நிற்போர் எல்லாரும் பார்க்கும்படி இருந்தால் யார்தான் போவார்?

உள்ளே என்ன நடக்கிறது?

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். செல்வராணி என்று பெயர் வைப்போம். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம்; மழை பெய்தால் விளைச்சல், இல்லையேல் இல்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பெண் அவள். பள்ளியில் தமிழ்வழியில் படித்து முதலாவதாக வந்தவள். மதுரையில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து விடுதியில் இருக்கிறாள். வகுப்பில் எல்லாம் ஆங்கிலம். முதல் அகத் தேர்வில், வாழ்நாளிலேயே முதன்முறையாக, தேறவில்லை. அதன் பின் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது. விடுதிச் சாப்பாடு இறங்கவில்லை. ஞாயிறு மாலை பேருந்து ஆரப்பாளையத்தை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. "எல்லாரும் நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்களே" என்ற நினைப்பு வேறு. அம்மாவிடம் சொன்னாள். அம்மா பயந்துபோய்த் திருநீறு மந்திரித்துக் கொடுத்தாள். அப்பா, "படிப்பு வேண்டாம், வந்துவிடு" என்றார். அன்பினால் சொன்னதுதான், ஆனால் அதைக் கேட்டபின் அவளுக்கு வீட்டிலும் தூக்கம் போயிற்று.

தோழி ஒருத்தி கையைப் பிடித்து அழைத்துச் சென்று ஆலோசகரின் அறையில் விடுகிறாள். அங்கே மேசைக்கு அப்புறமும் இப்புறமும் நாற்காலி போட்டு, விசாரணை போல் அமர்வதில்லை. சற்றுச் சாய்வாக, பார்க்க விரும்பினால் பார்க்கவும், வேண்டாமென்றால் சன்னலைப் பார்க்கவும் வசதியாக நாற்காலிகள் இருக்கும். முக்கால் மணி முதல் ஐம்பது நிமிடம் வரை பேச்சு. முதலில் ஆலோசகர் ஒரு விதியைச் சொல்வார். இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது. ஆனால் உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால், அப்போது காப்பாற்றத் தேவையானவரிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும், அதையும் உன்னிடம் கூறிவிட்டே செய்வேன் என்பார். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்திருந்தால் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் கட்டளையிடுகிறது. இந்த எல்லைகளை முன்கூட்டியே சொல்லாத ஆலோசகர் நல்ல ஆலோசகர் ஆகார்.

பிறகு கேட்பார், அதாவது காது கொடுத்துக் கேட்பார். அறிவுரை சொல்ல அவசரப்படமாட்டார். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களிலும் 50களிலும் எழுதிய நூல்களில் இதைத்தான் வற்புறுத்தினார். எதிரே இருப்பவரின் நிலையில் நின்று உணர்தல், உள்ளும் புறமும் ஒன்றாக இருத்தல், நிபந்தனையின்றி மதித்தல் ஆகியவை இருந்தால் மனிதர் தம் வழியைத் தாமே கண்டுகொள்ளத் தொடங்குவர் என்பது அவருடைய கருத்து. நம் வீடுகளில் துன்பத்தைச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்துக்குள் அறிவுரை வந்துவிடும். "இதுக்குப் போய் அழலாமா?" என்பர். சொன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள்.

தூக்கம், பசி, மாதவிலக்கு, தலைவலி என்று உடம்பைப் பற்றியும் ஆலோசகர் விசாரிப்பார். இது வேடிக்கையன்று. தைராய்டு குறைந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் சோர்வும் அழுகையும் வரும். 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53 சதவீதம் பேருக்கு, இரத்தசோகை. மனம் சரியில்லை என்று வந்த பெண்ணை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் ஆலோசகர் தம் தொழிலை அறிந்தவர்.

இன்னொரு கேள்வியும் கேட்பார். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா?" என்பதே அது. இதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுமே என்று பெரியவர்கள் அஞ்சுகின்றனர். உலக நலவாழ்வு நிறுவனம் உள்பட இத்துறையில் ஆராய்ந்தோர் அனைவரும் அவ்வாறு ஆகாது என்றே கூறுகின்றனர். நேராக, அமைதியாகக் கேட்கப்பட்டால், அந்த எண்ணத்தைத் தனியே மறைத்து வைத்திருந்தவருக்கு நெஞ்சின் பாரம் இறங்குகிறது.

நம் செல்வராணிக்கு ஆறேழு சந்திப்புகள் ஆகலாம். எந்நேரம் படுத்தாள், எப்போது விழித்தாள், அப்போது என்ன நினைத்தாள் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்வார். "நான் மக்கு" என்ற எண்ணம் வந்தால் அதற்குச் சான்று என்ன, மாறான சான்று என்ன என்று இரு பக்கமும் எழுதுவர். இம்முறை 1960களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்தது. தமிழில் முதல் மதிப்பெண் வாங்கியவள் மக்காக இருக்க முடியாது, ஆங்கிலம் புரியாததுதான் தடை என்று அவளே கண்டுபிடிப்பாள். பேராசிரியரிடம் போய், "சார், இந்தப் பகுதியை ஒருமுறை தமிழில் சொல்வீர்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை ஆலோசகரிடம் நான்கு முறை சொல்லிப் பழகிய பிறகே அவளுக்கு வாய் வரும்! அப்பாவை ஒருநாள் வரவழைத்து, "வந்துவிடு" என்பதற்குப் பதில் "முடிந்தவரை பார், நாங்கள் இருக்கிறோம்" என்று சொல்லும்படி அவரிடமும் பேசுவார், அவள் சம்மதித்தால்.

அவ்வாறும் தேறாமல், எடை குறைந்து, எழவே முடியாமல், அல்லது யாரோ பேசுவது போல் குரல் கேட்கிறது என்ற நிலை இருந்தால், ஆலோசகர் தம் எல்லையை உணர்ந்து மனநல மருத்துவரிடம் அனுப்புவார். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. நம் பெரியவர்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று சொல்வது அதைத்தான். மருந்து சாப்பிட்டால் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. பலர் குறிப்பிட்ட காலம் எடுத்து, மருத்துவர் சொற்படி படிப்படியாக நிறுத்துகின்றனர்.

தேநீர் கொடுத்தவர்கள்

இங்கே இலண்டன் நகரத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சாட் வரா என்பவர் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவானவர். 1935இல், அவர் இளம் குருவாக இருந்தபோது, பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கச் சடங்கை நிறைவேற்ற நேர்ந்தது. அவள் பூப்படைந்திருந்தாள். அது என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தீராத நோய் வந்துவிட்டதென்று எண்ணி, கேட்கவும் வெட்கப்பட்டு, உயிரை விட்டுவிட்டாள். தாயோ அக்காவோ பத்து நிமிடம் பேசியிருந்தால் போதுமே! இந்நிகழ்ச்சியை அவர் மறக்கவில்லை. 1953ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இலண்டனில் புனித ஸ்தேவான் வால்புரூக் ஆலயத்தின் நிலவறையில் ஒரு தொலைபேசியை வைத்து, வாழ்வில் நம்பிக்கை இழந்தோர் அழைக்கலாம் என்று அறிவித்தார். 'சமாரித்தர்' என்ற அமைப்பு இவ்வாறு பிறந்தது. நல்ல சமாரியன் உவமையை நாம் அறிவோமன்றோ?

அவரைப் பார்க்க வந்தோர் காத்திருக்கும் நேரத்தில் தேநீர் கொடுத்து உபசரிக்கச் சில தொண்டர்கள் இருந்தனர். வந்தவர்களுள் பலர் அந்தத் தொண்டர்களிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, குருவானவரைப் பாராமலே, ஆறுதலாக வீடு திரும்புவதை அவர் கவனித்தார். சில மாதங்களுக்குள் அந்தப் பணியை அத்தொண்டர்களிடமே ஒப்படைத்தார். ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் இதே உண்மையை வேறு விதமாகப் பயன்படுத்தினார். ஹராரே நகரச் சுகாதார நிலையங்களின் வெளியே மரப் பெஞ்சு போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமாரை உட்கார வைத்தார். துன்பப்படுவோர் வந்து பாட்டிக்கருகில் அமர்ந்து பேசுவர். அவர்கள் மொழியில் மனச்சோர்வுக்குப் பெயர் 'அளவுக்கு மிஞ்சிய யோசனை' என்பதாம். நம் பாட்டிமாரும் "ரொம்ப யோசிக்காதே தாயி" என்றுதானே சொல்கின்றனர்? அந்தப் பெஞ்சினால் நோய்க்குறிகள் குறைகின்றன என்பதை 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது.

நம் தமிழ்நாட்டில் சமாரித்தர் வழியில் அமைந்தது சென்னையின் சினேகா. 1986இல் டாக்டர் இலட்சுமி விஜயகுமார் அதைத் தொடங்கினார். தேர்வில் தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு நம் மாநிலத்தில் வந்ததில் அவர்களுடைய முயற்சிக்கும் பங்குண்டு. ஆறுதல் சொல்வதோடு நில்லாமல் துன்பத்தின் காரணத்தையே மாற்றச் சொல்லிக் கேட்டதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம்.

இன்னொரு பெண்மணியையும் நம் வாசகியர் அறிந்திருக்க வேண்டும். டாக்டர் சாரதா மேனன் (1923-2021) இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1794ஆம் ஆண்டிலிருந்து வரலாறு கொண்ட சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குத் தலைமை தாங்கிய முதல் பெண். ஓய்வு பெற்றபின் 1984இல் ஸ்கார்ஃப் என்ற ஆராய்ச்சி நிறுவனத்தை உருவாக்கினார். மதுரையில் 1992இல் மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனை வரை வர முடியாத சுற்றுக் கிராமத்தாரிடம் மனநல உதவியைக் கொண்டு சென்ற அமைப்பு அது.

கோயிலும் மருத்துவமும்

2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வந்த மனநோயாளரைத் தங்க வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். இது ஒரு மதத்தாரின் குற்றமன்று. தூத்துக்குடி மாவட்டத்துப் புளியம்பட்டி அந்தோணியார் திருத்தலத்துக்கும், திருச்சிப் பக்கத்துக் குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் இதே துன்பத்தோடு குடும்பங்கள் வருகின்றன. வேறு போக்கிடம் தெரியாததால் வருகின்றன. பிற்பாடு ஏர்வாடியில் தர்காவின் அருகிலேயே மனநல மருத்துவமும் கிடைக்க அரசு வழி செய்தது. மன்றாட்டு ஒரு கையிலும் மருந்து மறு கையிலும் இருப்பதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

ஆலோசகரின் இரகசியக் காப்பைக் கண்டதும் நமக்கு ஒப்புரவு அருட்சாதனம் நினைவுக்கு வருவது இயல்பு. இரண்டும் ஒன்றல்ல. குருவானவர் காக்கும் முத்திரைக்கு விலக்கே கிடையாது. ஆலோசகருக்கு விலக்குகள் உண்டு. அவற்றை மேலே கண்டோம். பாவம் வேறு, நோய் வேறு என்பதும் முக்கியம். புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்ரேசாவில் தங்கியிருந்தபோது, பழைய பாவங்களைச் சரியாகச் சொல்லவில்லையோ என்ற ஐயம் மீண்டும் மீண்டும் வாட்ட, திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதி கிட்டாமல், உயிரை விட்டுவிடலாமா என்னும் அளவுக்குச் சென்றார். இதை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லியிருக்கிறார். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் நொபிலி அடிகளின் சபையை நிறுவியவரே இவ்வளவு பட்டிருக்கிறார்! இன்று இப்படி ஒரு மாணவி கையைக் கழுவிக்கொண்டே இருந்தாலோ, ஒரே பாவத்தைப் பத்து முறை அறிக்கையிட்டாலோ, விவரமறிந்த குருவானவர் அவளை ஆலோசகரிடமும் போகச் சொல்வார். உயிரை மாய்த்துக்கொண்டவருக்குத் திருச்சபை அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் இல்லை. கடுமையான மனக்கலக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக் கூடும் என்று மறைக்கல்வி ஏடும் போதிக்கிறது. மகளையோ மகனையோ இவ்வாறு இழந்த வீடுகளில் இன்னும் காதோடு காதாகப் பேசுவோர் இதை அறிய வேண்டும்.

சட்டமும் பெற்றோரும்

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரைப் போக்கிக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் கூடம் கணக்குக் காட்டியது. இவ்வெண்ணிக்கையைக் கருதிய உச்ச நீதிமன்றம், 2025 ஜூலை 25 அன்று தீர்ப்பளித்து, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் ஒவ்வொரு கல்வி நிலையத்திலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. அவ்வாறாயின் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது விடுதிக் கட்டணம், பேருந்து வசதி ஆகியவற்றோடு, "ஆலோசகர் உண்டா? வாரத்தில் எத்தனை நாள் வருவார்? அறை எங்கே?" என்று கேட்கவும் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. பெயர்ப்பலகை மட்டும் இருந்து அறை பூட்டியிருந்தால் பயன் என்ன? தமிழ்நாடு அரசும் 2022 டிசம்பரில் அரசு மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது. டாக்டராகப் போகிறவர்களுக்கே இது தேவை என்றால் மற்றவர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

ஆலோசகர் இல்லாத ஊரிலும், நள்ளிரவிலும், 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசுச் சேவை அது, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். இவ்விரு எண்களையும் வீட்டுக் காலண்டரில், பால் கணக்கின் பக்கத்தில், எழுதி வைத்துக்கொள்ளலாம்.

"இதெல்லாம் சரி. நாளைக்குப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது யாராவது விசாரித்தால்?" என்ற கேள்வியைத் தாய்மார் மெல்லிய குரலில் கேட்கின்றனர். அவர்கள் பயம் வீண் பயமல்ல. நம் ஊர் அப்படித்தான் இருக்கிறது. மாதக்கணக்கில் தூங்காமல் மெலிந்து, படிப்பையும் பாதியில் விட்டு வந்த பெண்ணைப் பற்றியும் அதே ஊர்தான் விசாரிக்கும் என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்கலாம். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரைப் பற்றிய செய்திகளை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர்க்கும் மனநலப் பணியாளர்க்கும் கடமை விதிக்கிறது. உறவினர் என்றோ, மாப்பிள்ளை வீட்டார் என்றோ சொல்லிக்கொண்டு யாரும் வந்து ஏட்டைக் கேட்க முடியாது. உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவர் என்றே கருத வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அத்தகையோரைத் தண்டித்துவந்த பழைய 309ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

ஒரு சிறு விவரம் மட்டும் பாக்கி. பதினெட்டு நிரம்பியவர் தம் சிகிச்சையைத் தாமே முடிவு செய்யலாம். நிரம்பாதவருக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். முதலாண்டில் சேரும் நம் பிள்ளைகளில் பலருக்கு வயது பதினேழுதான். ஆகவே சேர்க்கை நாளன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் ஆலோசனைக்கான சம்மதத் தாளும் இருந்தால், அப்பாவோ அம்மாவோ அதை ஒதுக்கி வைக்காமல், விடுதிப் படிவத்தில் போடும் அதே பேனாவால் அதிலும் கையெழுத்துப் போட்டுவிடலாம்.